ஐந்து வேலை, ஒரு மோட்டார்

கார் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது.
முந்நூற்றுப் பத்து கிலோ.
குட்டியானையில் ஏறி ஆனையூருக்கு வந்ததை
இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி
நாலு பேர் உள்ளே விட்டார்கள்.
"மாவு மில்லு வைக்கப் போறீங்களாக்கா?"
ஆமாம் என்றேன். பொய்யில்லை,
போட்ட மரத்தில் பாதி மாவாகத்தான் போகிறது.

அறுக்கும், இழைக்கும்,
பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவரும்,
துளை போடும், ஓரத்தில் காடி எடுக்கும்.
விளம்பரத் தாளில் ஐந்துக்கும் ஐந்து படம்.
மோட்டார் ஒன்றுதான் என்பது
பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது.

இழைத்து முடித்து அறுக்க வேண்டுமா?
பெல்ட்டைக் கழற்றி அங்கிட்டு மாட்டு.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடு,
அது மரத்தூளுக்குள் எங்கோ கிடக்கும்.
ரம்பத்தை மேலே ஏற்று, மூலைமட்டம் வைத்துப் பார்.
திரும்ப இழைக்க வந்தால்
காலையில் வைத்த அளவு
அரை நூல் தள்ளி நின்று சிரிக்கும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே கணக்கு.
இழைப்பதெல்லாம் முதலில்,
அப்புறம் அறுப்பது,
துளை கடைசியில்.
ஒரு துண்டைக்கூட மறக்கக் கூடாது.

வாரநாளில் மின்வாரியத்துக்கு மீட்டர் கணக்கெடுக்கிறேன்.
நாய் உள்ள வீடு,
மீட்டர் பெட்டிக்குள் சாவியை ஒளித்து வைக்கும் வீடு,
"போன தடவ இவ்வளவு வரலியே" என்று வழிமறிக்கும் வீடு.
என் வீட்டு மீட்டரை மட்டும்
கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மாடியில் ஜெசிந்தா.
பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி.
காலையில் வந்து படுத்தால் ரெண்டு மணிக்குத்தான் எழுவாள்,
ரெண்டுக்கு மேல்தான் என் சுவிட்ச்.
முதல் வாரம் இறங்கி வந்தவள்
இரைச்சலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
பிளேடு உருளையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.
"எங்க வார்டுக்கு வாரத்துக்கு ரெண்டு கை வரும்க்கா.
விரல மட்டும் தனியா கேரிபேக்ல கொண்டுவருவாங்க."

அன்றிலிருந்து,
மோட்டார் அடங்கியதும் வாசலுக்கு வந்து
மாடியைப் பார்த்துப் பத்து விரலையும் விரிக்கிறேன்.
கம்பிக்கு அப்பால் நின்று எண்ணுகிறாள்.
நிஜமாகவே எண்ணுகிறாள்,
உதடு அசைவது தெரியும்.

ராவெல்லாம் நின்று வீங்கும் அந்தக் கால்களுக்கு
முழங்கால் உயரத்தில் பாதியாக ஒரு முக்காலி
(கால் என்னவோ நாலு) செய்யலாமென்று
செல்லூரில் பழைய நிலைச்சட்டம் ஒன்றை எடை போட்டு வாங்கினேன்.
வேம்பு.
ஆணி இருக்குமென்று காந்தத்தால் தடவித் தடவி
பதினோரு ஆணி பிடுங்கினேன்.
இழைத்தபோது கசந்த தூள் நாக்குவரை வந்தது.

துளை போட உளியை மாட்டி, முதல் கால், ரெண்டாவது, மூன்றாவது.
நாலாவது
ஜன்னல் மேல் உட்கார்ந்திருந்தது,
பழைய பச்சை பெயிண்டோடு.
இழைக்கவில்லை. அறுக்கவில்லை.
ரெண்டு தடவை பெல்ட்.
மணி ஆறேகால். வோல்டேஜ் வேறு இறங்கி
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது.
ஏழுக்கு அவள் கிளம்பிவிடுவாள்.

கைரம்பத்தில் அறுத்தேன்.
உப்புத்தாளில் தேய்த்தேன், தோள் விட்டுப்போகும்வரை.
ஒரு நூல் குட்டையாக வந்தது.

யூனிபார்மோடு உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தாள்.
டக் என்றது. மறுபடி டக்.
நான் பெல்ட், அளவு, வோல்டேஜ் என்று ஆரம்பிப்பதற்குள்
கைப்பையில் துழாவி
தீர்ந்துபோன மாத்திரை அட்டையை எடுத்து
ரெண்டாக மடித்து அந்தக் காலடியில் செருகினாள்.
ஆடவில்லை.

"இன்னிக்கி நீங்க வாசலுக்கே வரலியே," என்றாள்.
"எங்க, காட்டுங்க."

நீட்டினேன்.
இந்த முறை கண்ணால் எண்ணவில்லை,
தூளைத் துடைத்துத் துடைத்து
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.